ரைட்டர் அழகுமலை தேர்ந்த சொல்

சிலமலை அழகுமலை என்று பெயரைச் சொல்லிக் கேட்டால் போடிநாயக்கனூரில் பாதிப்பேருக்குத் தெரியாது. ரைட்டர் என்று கேட்டால் சந்தைக்கு வந்தவர்கள்கூடக் கை காட்டுவார்கள். எஸ்டேட்டில் கணக்கும் கடிதமும் எழுதுகிற ரைட்டர் வேலையை விட்டுப் பத்து வருஷத்துக்கு மேலான பிறகும் அந்தப் பட்டம் அவரை விடவில்லை. பத்திர ஆபீசுக்கு எதிரே புளியமரத்தடியில் அவருக்கு ஒரு பாய், பக்கத்தில் எனக்கு ஒரு பாய். இரண்டு பேருக்கும் மனு எழுதுவதுதான் பிழைப்பு. நான் இதை அவர்மேல் உள்ள பிரியத்தால் எழுதவில்லை. பிரியம் இருந்தது உண்மை. இப்போதும் இருக்கிறதா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அவருடைய அப்பா மொக்கச்சாமிக்கு சிலமலையில் மூன்று குறுக்கம் மானாவாரிச் சோளக்காடு. மகன் ஏர் பிடித்தால் போதும் என்றுதான் இருந்தார். பெரியகுளம் பக்கத்தில் ஒரு பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டுப் படிக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பஞ்சத்து வருஷம் ஒன்றில் பையனைக் கொண்டுபோய் விட்டார். சோற்றுக்குப் போனவன் இங்கிலீசோடு திரும்பி வந்தான். ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் குரங்கணிக்கு மேலே ஒரு காப்பி, ஏலத் தோட்டத்தில் துரைக்கு ரைட்டர் வேண்டும் என்று வந்தது. 1903ஆம் வருஷம், இருபத்தைந்து வயதில், கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறினார்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. அதைப்போல ஒரு நோட்டை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு தமிழ் வினைச்சொல், அதன் கீழே அதற்கு உறவுக்கார இங்கிலீசுச் சொற்கள், ஒவ்வொன்றும் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்ற விவரம். 'பார்' என்ற பக்கத்தில், தானாகக் கண்ணில் பட்டால் 'சீ', நாமாகத் திரும்பினால் 'லுக்', கண்ணை எடுக்காமல் இருந்தால் 'வாட்ச்' என்று எழுதியிருப்பார். மனு எழுத வருகிறவர்களை அவர் இந்த நோட்டை வைத்துக்கொண்டு படுத்திய பாடு கொஞ்சமில்லை. மச்சினனிடம் அடிபட்டு மண்டையில் கட்டோடு ஒச்சப்பன் என்று ஒருவன் வந்தான். எத்தனை அடி, ஓங்கி அடித்தானா, விடாமல் அடித்தானா, ஒரு அடி என்றால் 'ஹிட்', அடித்துக்கொண்டே இருந்தால் 'பீட்', இரண்டும் ஒன்றில்லை என்று இவர் விசாரிக்க ஆரம்பித்தார். ஒச்சப்பன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து என் பாய்க்கு வந்து உட்கார்ந்துகொண்டான். நான் 'பீட்' என்று எழுதிக் காலே அரைக்கால் நாழிகையில் அவனை அனுப்பிவிட்டேன். எனக்கு அடித்தவன் எல்லாம் 'பீட்' தான்.

இப்படி அவருடைய ஆட்களில் பாதிப்பேர் எனக்கு வந்தார்கள். அதற்காக அவர் என்மேல் கோபப்பட்டதே இல்லை. ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 'வா' இருந்தது, 'நில்' இருந்தது, 'போ' மட்டும் இல்லை. மாமா, போகிறதுக்கு இங்கிலீசே இல்லையா என்று கேலியாகக் கேட்டேன். அது எனக்குத் தெரியும் மாப்ளே, எழுதி வைக்கவேண்டியதில்லை என்று நோட்டை வாங்கி மூடிவிட்டார். அன்றைக்கு முழுவதும் அவர் வெற்றிலைகூடப் போடவில்லை.

'போ' ஏன் இல்லை என்ற விவரம் எனக்குத் தெரியவந்தது 1921இல். பாதி அவர் வாயால், பாதி ராமுத்தாய் என்ற ஒருத்தி வாயால்.

எஸ்டேட்டில் 1909ஆம் வருஷம் ஆவணி மாதம். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். பொட்டிபுரத்துக் கோட்டைச்சாமி, அவன் பெண்சாதி ராமுத்தாய், ஐந்து வயதில் மகள் பொன்னுமணி, மூன்று வயதில் ஒரு பையன் என்று ஒரு குடும்பம், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில், கடைசி வீட்டில் இருந்தது. பத்து மாதம் இருப்பதாகக் கோட்டைச்சாமி கைநாட்டு வைத்துக் கூட்டிவந்த குடும்பம். ஒப்பந்தம் முடியுமுன் சீட்டு இல்லாமல் மலையை விட்டு இறங்கினால் கோர்ட்டு, ஜெயில். அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. ஒருநாள் இரண்டுநாளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் அதிகாரம் ரைட்டருக்கு இருந்தது.

பையனுக்கு மலைக்காய்ச்சல். மூன்று நாளாகக் குளிரில் தூக்கித் தூக்கிப் போட்டது. தோட்டத்தில் கொடுத்த கசப்புத் தண்ணீர் வயிற்றில் தங்கவில்லை. கோட்டைச்சாமி மத்தியானம் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, போடிக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன், சீட்டு வேண்டும் என்று கேட்டான். அதற்கு முந்தின வாரம் அழகுமலை சீட்டுக் கொடுத்து அனுப்பிய ஒருவன் திரும்பி வரவில்லை. அதற்குத் துரை அவரை எல்லார் முன்னாலும் வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கியிருந்தான். துரை அன்றைக்கு வேட்டைக்குப் போயிருந்தான். துரை வரட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இவர் தலையைக் குனிந்துகொண்டார். கோட்டைச்சாமி பொழுது சாயும்வரை மழையில் நின்றுவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் கடைசி வீடு காலியாக இருந்தது. கங்காணி வீரையா பார்த்துவிட்டு வந்து ரைட்டரிடம் சொன்னான்.

"அடுப்புக் கல்லு மூணும் அப்படியே இருக்குங்க. சாம்பல அள்ளிக் கூட்டிட்டு, பானையக் கவுத்து வச்சிட்டுப் போயிருக்கான். புள்ளையக் காட்டிட்டு வந்துருவான்."

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் குடியிருந்த இடத்தை ஒரேயடியாக விட்டுப் போகிறபோது அடுப்புக் கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். கல்லை நிற்கிற மேனிக்கு விட்டுவிட்டுப் போனால் அது காலைப் பிடித்துத் திரும்ப இழுக்கும் என்று பயம். எத்தனை அவசரமானாலும், ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி நீட்டுகிறவன்கூட அதைச் செய்யாமல் போகமாட்டான். கல் நிற்கிறது என்றால் ஆள் வருவான். இது கங்காணிக்குத் தெரியும், லயத்தில் உள்ள குஞ்சு குளுவானுக்கெல்லாம் தெரியும். சிலமலைக்காரரான அழகுமலைக்கு நன்றாகவே தெரியும். தெரியாதவன் துரை ஒருவன்தான்.

மூன்றாம் நாள் துரை வந்தான். போனவன் பெயரை மாஜிஸ்திரேட்டுக்கு எழுது என்றான். அழகுமலை எழுத உட்கார்ந்தார். 'வென்ட்' என்று எழுதலாம், போனான் என்று ஆகும். 'லெஃப்ட்' என்று எழுதலாம், விட்டுப் போனான் என்று ஆகும். 'டெசர்ட்டட்' என்றால் கைவிட்டுப் போனான். 'ஆப்ஸ்காண்டட்' என்றால் யாருக்கும் தெரியாமல், பிடிபடாமல் இருக்க ஒளிந்து ஓடினான். நாலுக்கும் உள்ள தூரம் அந்த மலையில் அவருக்குத் தெரிந்ததுபோல யாருக்கும் தெரியாது. துரைக்கே அவ்வளவு தெரியுமா என்பது சந்தேகம். முன்பு ஒரு தடவை இவர் எழுதின காகிதத்தில் 'வென்ட்' என்று இருந்த இடத்தையெல்லாம் துரை சுழித்து, இந்த மலையில் எல்லாரும் போகிறார்களே, ஒருத்தனும் ஓடமாட்டானா என்று கேட்டிருந்தான்.

அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. சீட்டுக் கேட்டுவிட்டுப் போனான் என்று எழுதினால், போக நினைக்கிறான் என்று தெரிந்தும் நீ ஏன் காவல் போடவில்லை என்று கேள்வி வரும். ஒருவருக்கும் தெரியாமல் ஒளிந்து ஓடினான் என்று எழுதினால் ரைட்டர்மேல் பழி இல்லை. அழகுமலை நாலாவது சொல்லை எழுதினார். துரை வாசித்துவிட்டு, அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்து 'குட்' என்றான். அந்த நேரத்தில் தனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று அவர் என்னிடம் சொன்னார். இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம், ஆனாலும் சொன்னார். அந்த ஒன்றுக்காக அவரை நான் மதித்தேன்.

போடியில் பையன் ஐந்தாம் நாள் இறந்துபோனான். கொட்டகுடி ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு, அடுத்தநாளே கோட்டைச்சாமி பெண்சாதியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பினான். துக்கம் கொண்டாட ஊருக்குக்கூடப் போகவில்லை. கைநாட்டு வைத்திருக்கிறோமே என்ற பயம்தான். குரங்கணி தாண்டி ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது வாரண்டோடு எஸ்டேட்டில் தேடிவிட்டு இறங்கிய போலீஸ்காரர்கள் எதிரே வந்தார்கள். மேலே ஏறிக்கொண்டிருந்தவனை, கீழே ஓடிவிட்டான் என்று பிடித்தார்கள். எஸ்டேட்டுக்குத்தானே போகிறேன் என்று அவன் சொன்னதை அவர்கள் பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கோர்ட்டில் கோட்டைச்சாமி ஒரே ஒரு சங்கதியைத்தான் சொன்னான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ரைட்டரய்யாவிடம் சீட்டுக் கேட்டேன், வேண்டுமானால் அவரையே கேளுங்கள் என்றான். மாஜிஸ்திரேட் தமிழ்க்காரர்தான். சாட்சிக் கூண்டில் நின்ற அழகுமலையைப் பார்த்து, கேட்டானா என்றார். துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ராமுத்தாய் வாசல்படியோரம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கேட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கே வெளியே வந்திருப்பான்.

"ஞாபகம் இல்லை" என்றார் அழகுமலை.

இரண்டு மாதம் கடுங்காவல். ஐந்தாவது வாரத்தில் ஜெயிலுக்குள் வயிற்றுப்போக்கு கண்டு கோட்டைச்சாமி செத்துப்போனான். தகவல் வந்து ராமுத்தாய் போய்ச் சேர்ந்தபோது பிணத்தைப் புதைத்து இரண்டு நாளாகியிருந்தது. எந்த இடம் என்று காட்டக்கூட அங்கே ஆள் இல்லை.

அடுத்த வருஷம் அழகுமலை எஸ்டேட் வேலையை விட்டார். மனசாட்சி உறுத்தி விட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். துரை மாறினான், புதுத் துரை வேறு ரைட்டரைக் கூட்டிக்கொண்டு வந்தான், அதனால் விட்டார். போடியில் ஓட்டுச்சாய்ப்பு ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தானே பொங்கித் தின்றுகொண்டு, கல்யாணமும் இல்லாமல், புளியமரத்தடியில் வந்து உட்கார்ந்தார். ஒரு சொல்லை எழுதுவதற்குள் ஒன்பது கேள்வி கேட்கிற பழக்கம் அப்போது வந்ததுதான். எனக்கு அது கிறுக்காகப் பட்டது. என்ன பயத்தில் கேட்கிறார் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை.

கோர்ட்டில் அது நடந்து பன்னிரண்டு வருஷம் போய்விட்டது. 1921இல், இரண்டு வருஷமாக மழை பொய்த்து, கீழ்க்காடெல்லாம் கருகிக் கிடந்த சமயம், ஒரு சந்தை நாளில் ஒரு பெண்பிள்ளை வந்தாள். நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் வயதுக்கு வந்த மகள். என் பாயில் ஆள் இல்லை. நான் வாங்க ஆத்தா என்று கூப்பிட்டும் என்னைத் தாண்டிப் போய் ரைட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவை எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் சங்கதியைச் சொன்னாள். ஊரில் வேலை இல்லை, ஒருநேரக் கஞ்சிக்கு வழியில்லை. மகளோடு மலைக்குக் காய் எடுக்கப் போகலாம் என்றால் எந்தத் தோட்டத்திலும் சேர்க்கமாட்டேன் என்கிறார்கள். ஓடிப்போனவர்கள் பெயரையெல்லாம் ஒரு எஸ்டேட்டிலிருந்து இன்னொரு எஸ்டேட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கோட்டைச்சாமி பெயர் அதில் இன்னமும் இருக்கிறது. பொன்னுமணிக்கு வந்த ஒரு மாப்பிள்ளையும், ஓடுகாலி மகள், கட்டினால் நமக்கும் மலையில் வேலை கிடைக்காது என்று விலகிவிட்டான். அந்தப் பெயரை அங்கிருந்து எடுக்கவேண்டும், அதற்கு ஒரு மனு வேண்டும்.

அன்றைக்கு ரைட்டர் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் எழுதினார். மை காய்வதற்குள் நான் எட்டிப் படித்தேன். காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான், போகுமுன் ரைட்டரிடம் அனுமதி கேட்டான், ரைட்டர் மறுத்தார், அடுப்பை நிற்கிற மேனிக்கு விட்டுப் போனான், திரும்பி வரும்போது பிடிபட்டான் என்று எழுதியிருந்தது. எல்லாம் சின்னச் சின்னச் சொல். அவ்வளவு நல்ல மனுவை நான் அதற்கு முன்னும் படித்ததில்லை, பின்னும் படித்ததில்லை. அவள் போனபிறகுதான் அவர் எனக்குக் கதையைச் சொன்னார். சொல்லி முடித்ததும் நான் அவரோடு பேசவில்லை. இரண்டு நாள் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து எஸ்டேட்டிலிருந்து பதில் வந்தது. ராமுத்தாய் அதைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். நான் படிக்கிறேன் என்று கையை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை. ஒரு வரியைக்கூட மறைக்காமல் தமிழில் சொன்னார். ஓடினான் என்று எழுதியிருப்பது அப்போதைய ரைட்டர் அழகுமலை. சீட்டுக் கேட்டதாக ஞாபகம் இல்லை என்று கோர்ட்டில் சொன்னதும் அதே அழகுமலை. அந்த ஆள் உயிரோடு இருந்து, மேனேஜர் முன்னால் நேரில் வந்து, தான் எழுதியது தப்பு என்று சொன்னால் பெயரை எடுத்துவிடத் தடையில்லை. அவ்வளவுதான் கடிதம். சொல்லி முடித்துவிட்டு, அந்த அழகுமலை நான்தான் என்றார்.

"தெரியும்ங்க" என்றாள் ராமுத்தாய். "கோர்ட்டுல பாத்த மூஞ்சி மறக்குமா? எழுதுன கையே அழிக்கட்டும்னுதான் அவரத் தாண்டி ஒங்ககிட்ட வந்தேன். ஒரு நட மலைக்கு வந்து, வாயால சொல்லிருங்க. எம் மகளுக்கு அது போதும்."

வெள்ளிக்கிழமை விடிய ஏறுவோம் என்று அவர் சொன்னார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நானே குரங்கணிவரை வண்டி பேசி விட்டேன். பொய்ச் சாட்சி என்று உள்ளே தள்ளிவிடுவார்களா மாப்ளே என்று வியாழக்கிழமை சாயங்காலம் பாயைச் சுருட்டும்போது அவர் கேட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தினதை இப்போது யார் கிண்டப்போகிறார்கள், அப்படியே தள்ளினாலும் தள்ளட்டுமே என்று எரிச்சலாகச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ராமுத்தாயும் பொன்னுமணியும் கட்டுச்சோற்றோடு புளியமரத்தடிக்கு வந்துவிட்டார்கள். நானும் போனேன். வண்டி வந்தது. வெயில் ஏறியது. ரைட்டர் வரவில்லை. வண்டிக்காரன் இரண்டு தடவை கேட்டுவிட்டு மாட்டை அவிழ்த்துக் கட்டினான்.

காய்ச்சல் கீய்ச்சலாக இருக்கும், நான் போய் வெரசா கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அவர்கள் இரண்டு பேரும் என் பின்னாலேயே வந்தார்கள். ஓட்டுச்சாய்ப்பின் கதவு சும்மா சாத்தியிருந்தது. திறந்தேன். கொடியில் வேட்டி இல்லை. மாடத்தில் நோட்டு இல்லை. சந்தைக்கோ ஆற்றுக்கோ போயிருப்பார் என்று நான் வாயைத் திறப்பதற்குள், ராமுத்தாய் என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போய் மூலையில் நின்றாள்.

அடுப்புக் கல் மூன்றும் புரண்டு கிடந்தன. கரியேறிய பக்கம் தரையில் கிடக்க, மண் ஒட்டிய பக்கம் மேலே இருந்தது. பாதிரிமாரிடம் படித்தவர், நாலு சொல்லுக்கும் வித்தியாசம் தெரிந்தவர், அதைச் செய்யாமல் போக அவருக்கும் கால் வரவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பொன்னுமணிதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கட்டுச்சோற்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ராமுத்தாய் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு பேருக்கு நேரா ஒரு வார்த்தை எழுதிவச்சிருக்காகளே, அது என்னங்க?"

'ஆப்ஸ்காண்டட்' என்று அந்த இங்கிலீசுச் சொல்லைச் சொன்னேன். அவள் ஒரு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"அத அவரு பேர்ல இருந்து எடுத்து, இவரு பேருக்கு நேரா எழுதிக் குடுங்க."

பாய்க்குத் திரும்பி வந்து எழுதினேன். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேற்றுகிற நான், அன்றைக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் யோசித்து யோசித்து எழுதினேன். அதைவிடப் பொருத்தமான வேறொரு சொல் கிடைக்கவில்லை. அந்த மனுவுக்கு மேலேயிருந்து பதில் வரவில்லை. அடுத்த தை மாதம் ராமுத்தாயும் பொன்னுமணியும் பொட்டிபுரத்து அடுப்பைப் புரட்டிப் போட்டுவிட்டு, இலங்கைக்கு ஆள் கூட்டிப்போன ஒரு கங்காணியோடு போனார்கள்.